கறுப்புத் திரையைக் கண்டு ஏன் இந்தப் பயம்?

ஆடிப் பெருக்கு அன்று சிவகாசியில் அடுத்த ஆண்டுக் காலண்டர்களுக்கான ஆல்பங்கள் வெளியாகும். அன்று பிடிக்கும் ஓட்டம் தை பிறக்கும் வரை நிற்காது. நடுவில் தீபாவளி வேறு. பட்டாசுப் பெட்டிக்கு லேபிள், கடைக்கு விலைப்பட்டியல், ஊருக்கெல்லாம் காலண்டர் என்று அச்சகங்களில் இரவும் பகலும் ஒன்று தான்.

அந்த ஓட்டத்தில் டிடிபி மேசையில் நடக்கும் ஒரே ஒரு வேலையைப் பாருங்கள். தினசரி காலண்டரில் ஒவ்வொரு தாளிலும் ராகு காலம் அச்சாக வேண்டும். அது கிழமையைப் பொறுத்தது. திங்கள் என்றால் ஏழரை முதல் ஒன்பது, சனி ஒன்பது முதல் பத்தரை, வெள்ளி பத்தரை முதல் பன்னிரண்டு... ஆக மொத்தமே ஏழு நேரங்கள் தான்! எமகண்டத்துக்கும் அப்படியே ஏழு. இந்த ஏழும் வாரா வாரம் அதே வரிசையில் திரும்பி வரும். அப்படியிருந்தும் காப்பி, பேஸ்ட், காப்பி, பேஸ்ட் என்று 365 தாள்களையும் மவுஸால் நிரப்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தூக்கக் கலக்கத்தில் ஒரு செவ்வாய்க்கிழமையில் புதன்கிழமையின் நேரம் ஒட்டிக்கொண்டால் போச்சு, அச்சாகும் அத்தனை காலண்டரிலும் அதே தப்பு! திட்டு யாருக்கு? கம்ப்யூட்டருக்கா விழும்?

இதே வேலையைக் கட்டளை வரியில் நாலைந்து வரிகளில் முடிக்கலாம். தேதியைக் கொடுத்தால் கிழமையைச் சொல்லும் கட்டளை உண்டு. கிழமைக்கு நேரம் என்று ஏழு வரிப் பட்டியல் ஒன்று. இரண்டையும் இணைத்து 365 முறை சுற்று என்று சொல்லிவிட்டால் ஒரு நொடி கூட ஆகாது. அடுத்த வருடம் ஆண்டை மட்டும் மாற்றினால் போதும்.

கம்ப்யூட்டர் என்ற பொருளே இதற்காகத் தான் கண்டுபிடிக்கப்பட்டது. ஒரே வேலையைத் திரும்பத் திரும்ப, சலிக்காமல், பிழையில்லாமல் செய்வதற்கு. அந்தப் பொருளை மேசையில் வைத்துக்கொண்டு, அது செய்ய வேண்டிய வேலையை மனிதர் செய்வதும், அவர் சொடுக்குவதற்காக அது சும்மா காத்திருப்பதும் என்ன நியாயம்?

"அதெல்லாம் இன்ஜினியருங்க சமாச்சாரம்!"

கறுப்புத் திரையைக் காட்டினால் முதலில் வரும் பதில் இது தான். கொஞ்சம் சரித்திரத்தைப் பார்ப்போம்.

யூனிக்ஸ் என்ற இயங்குதளம் 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் தொடங்கியது. அதை உருவாக்கியவர்களுக்குப் புதிய பிடிபி-11 கணினி தேவைப்பட்டது. அதை வாங்க அவர்கள் காட்டிய காரணம், ஆவணங்களைத் தட்டச்சு செய்து வடிவமைக்கும் வசதியைச் செய்து தருகிறோம் என்பது. 1971-ன் பிற்பகுதியில் அதில் உட்கார்ந்து நாள் முழுக்க வேலை செய்தவர்கள் யார் தெரியுமா? அந்த நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவைச் சேர்ந்த மூன்று தட்டச்சர்கள்! யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிட்சியே இதை எழுதி வைத்திருக்கிறார். அப்போது ஐகானும் கிடையாது, மெனுவும் கிடையாது. கட்டளை வரி மட்டும் தான்.

இன்னொன்றும் உண்டு. மல்டிக்ஸ் என்ற கணினி அமைப்பில் ஈமேக்ஸ் என்ற எழுத்துக் கருவி இருந்தது. அலுவலகச் செயலாளர்களுக்கு அதை நீட்டித்து எழுதக் கற்றுக்கொடுத்த கையேட்டில் புரோகிராமிங் என்ற பேச்சையே எடுக்கவில்லையாம். அதனால் அவர்கள் பயப்படவும் இல்லை, தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே எழுதிக்கொண்டார்கள் என்று ரிச்சர்ட் ஸ்டால்மன் ஓர் உரையில் சொல்லியிருக்கிறார்.

ஆக, சிவகாசி டிடிபி ஆபரேட்டரின் நேரடி மூதாதையர் அந்த மூன்று தட்டச்சர்கள். அவர்களுக்கு வந்தது இவர்களுக்கு வராது என்று சொல்வது யார் செய்த தீர்ப்பு?

அப்படி என்ன தான் கற்க வேண்டும்?

பெரிதாக ஒன்றுமில்லை. ஃபைல் பெயரின் முதல் இரண்டு மூன்று எழுத்துகளை அடித்து டேப் விசையைத் தட்டினால் மீதியை அதுவே நிரப்பும். மேல் அம்புக்குறி முன்பு அடித்த கட்டளையைக் கொண்டு வரும். கண்ட்ரோல் விசையோடு ஆர் எழுத்தைத் தட்டினால் போன மாதம் அடித்த கட்டளை கூடத் தேடிக் கிடைக்கும். நீளமான கட்டளை ஒன்று அடிக்கடி தேவை என்றால் ஏலியாஸ் மூலம் அதற்கு ஒரு செல்லப் பெயர் வைத்துக்கொள்ளலாம்.

இவற்றோடு குழாய் என்று ஒன்று. 1973-ல் யூனிக்ஸில் வந்தது. ஒரு கட்டளை தருவதை அடுத்த கட்டளைக்கு அனுப்பும் சின்னச் செங்குத்துக் கோடு. தீபாவளி ஆர்டர் ஃபைல்கள் ஐம்பது இருக்கின்றன, அத்தனையிலும் கம்பி மத்தாப்பு எத்தனை பெட்டி என்று தெரிய வேண்டும். கிரெப் அந்த வரிகளைப் பொறுக்கும், நடுவில் ஒரு கோடு, ஆக் அவற்றைக் கூட்டும். முடிந்தது! ஆல்பத்தின் 300 படங்களைச் சுருக்கி, மூலையில் மாடல் எண் போட்டு வாடிக்கையாளருக்கு அனுப்ப வேண்டுமா? இமேஜ்மேஜிக் என்ற இலவச மென்பொருளுக்கு அது ஒரே வரி.

தமிழுக்கென்றே ஒரு தலைவலி உண்டு. வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்புவது யூனிகோட். 2001-ன் ஏழாம் பதிப்போடு நின்றுபோன பேஜ்மேக்கருக்கு யூனிகோடே தெரியாது. அதற்குப் பாமினி போன்ற பழைய எழுத்துரு வேண்டும். யூனிகோடில் 'கெ' என்றால் முதலில் ககரம், பிறகு கொம்பு. பாமினியில் முதலில் கொம்பு, பிறகு தான் ககரம். அதனால் அப்படியே ஒட்டினால் குப்பை தான் வரும். எத்தனை பேர் வந்த செய்தியைப் பார்த்துப் பார்த்து மறுபடி அடிக்கிறார்கள்! செட் என்ற கட்டளையில் 'கொ' வகையை முதலில், 'கெ' வகையை அடுத்து, தனி எழுத்துகளைக் கடைசியில் மாற்றும்படி ஒரு விதிப் பட்டியல் எழுதிவிட்டால் ஆயுசுக்கும் போதும். அதை எழுதவும் சோம்பலா? ஓப்பன்-தமிழ் போன்ற திறமூலத் தொகுப்புகள் இலவசமாகவே இருக்கின்றன.

மற்ற சாக்குகள்

இங்கிலீஷ் தெரியாதே என்பார்கள். பேஜ்மேக்கர் மெனு என்ன தமிழிலா இருந்தது? அந்த மெனுக்களை மனப்பாடம் செய்தவர்களுக்கு இருபது குட்டிக் கட்டளைகள் ஒரு பாரமா? லினக்ஸில் பரவலாக இருக்கும் பாஷில் ஏலியாஸ் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம். 'தேடு' என்று அடித்தால் தேடும். து. நித்யா எழுதிய 'எளிய தமிழில் க்னு/லினக்ஸ்' கணியம் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

ஒரு எழுத்து தப்பினால் ஃபைல் எல்லாம் அழிந்துவிடும் என்பார்கள். உண்மை தான். ஆர்எம் கட்டளையில் அழித்தது குப்பைத் தொட்டிக்குப் போகாது. ஆனால் இதைச் சொல்வது யார்? பட்டாசு மருந்தைக் கையாளும் ஊர்! அறைக்கு எத்தனை பேர், எவ்வளவு மருந்து என்று விதி வைத்துத் தொழில் செய்யும் ஊர். இங்கேயும் விதி அதே தான். முதலில் நகல் எடு, இரண்டு ஃபைலில் சோதித்துப் பார், பிறகு மொத்தத்துக்கும் ஓட்டு.

இப்போது புதிய சாக்கு ஒன்று: எல்லாவற்றையும் செயற்கை நுண்ணறிவு செய்து தருமே! செய்யட்டும். ஆனால் 365 தாளையும் அதனிடம் எழுதச் சொன்னால் எந்தத் தாளில் சறுக்கியது என்று 365-ஐயும் நீங்கள் தான் சரிபார்க்க வேண்டும். கட்டளையை எழுதித் தரச் சொன்னால் நாலு வரியைச் சரிபார்த்தால் போதும், அது இன்றும் நாளையும் ஒரே விடையைத் தரும், இணையமும் வேண்டாம். அந்த நாலு வரியைப் படிக்கவாவது தெரிய வேண்டாமா?

ஒரு கேள்வியை மட்டும் சாக்கு என்று தள்ள முடியாது. வேலை சீக்கிரம் முடிந்தால் லாபம் முதலாளிக்குத் தானே, ஆபரேட்டருக்கு என்ன? நியாயமான கேள்வி. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்த காலத்திலிருந்து இந்த வட்டாரம் கை உழைப்பில் வளர்ந்தது. கையால் செய்யும் தீப்பெட்டிக்கு வரிச்சலுகையும் கிடைத்தது. மலிவான கை இருக்கும் வரை இயந்திரம் எதற்கு என்ற கணக்கு அது. டிடிபி மேசையில் அந்தக் கணக்கும் உதைக்கிறது. இயந்திரத்துக்குக் காசு கொடுத்தாகிவிட்டது, கை தான் இன்னும் விடுபடவில்லை! பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவருக்கு மிச்சமாகும் ஒவ்வொரு மணியும் அவருடையது. மாதச் சம்பளக்காரருக்கு உடனே பணம் வராது தான். ஆனால் அவர் எழுதிய கட்டளைகள் ஒரு பென்டிரைவில் அடங்கும், அடுத்த அச்சகத்துக்கும் கூட வரும். மெனுவில் சொடுக்கிய பத்து வருடம் எங்கே கூட வரும்?

2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்தே தரப்பட்டது. டெர்மினல் விருதுநகர் மாவட்டத்து வீடுகளுக்குள்ளும் வந்து சேர்ந்தது. அதை எத்தனை பேருக்குத் திறந்து காட்டினார்கள்? இன்று விண்டோஸிலேயே பவர்ஷெல் இருக்கிறது, 2016 முதல் லினக்ஸ் கட்டளைகளையும் அதற்குள்ளேயே ஓட்டலாம். வசதியில் குறை இல்லை, சொல்லிக்கொடுப்பதில் தான் குறை. கம்ப்யூட்டர் சென்டர்கள் மாதக்கணக்கில் மெனுக்களைச் சொல்லிக்கொடுக்கின்றன. அதில் ஒரே ஒரு வாரத்தை இந்தக் கறுப்புத் திரைக்கு ஒதுக்கட்டும். விருதுநகரிலும் சிவகாசியிலும் சாத்தூரிலும் படிக்கும் பிள்ளைகளுக்கு எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதோடு, கம்ப்யூட்டரிடம் வேலை வாங்குவது எப்படி என்பதையும் காட்டட்டும். அடுத்த ஆடிப் பெருக்குக்குள் ராகு காலத்தை 365 முறை ஒட்டும் வேலையாவது ஒழியட்டும்!