மணிக்கட்டிலா, கைபிடியிலா?

ஜீ.பி.எஸ். விளையாட்டுக் கைக்கடிகாரமா, துவிச்சக்கர வண்டியின் கைபிடியில் பொருத்தும் சிறுகணினியா என்று இளைஞர்கள் விலையை வைத்தே வாதிடுகின்றனர். நான் கேட்பது, கண் எங்கே இருக்கும் என்பதை. மணித்தியாலத்துக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் செல்பவர் இரண்டு விநாடி மணிக்கட்டைப் பார்த்தால், ஏறத்தாழ 17 மீற்றர் தூரத்தை வீதியைப் பாராமலே கடக்கிறார். அக்கையும் பிடியை விட்டிருக்கும். காலி வீதியில் பஸ் ஒன்று குறுக்கே வந்து நிற்க அவ்வளவு தாராளம்! கைபிடிக் கருவியோ கண்ணெதிரே இருக்கிறது. எழுத்தும் பெரிது (எம் வயதினருக்கு இது சிறிய விடயமன்று).

ஓட்டமும் நீச்சலும் பழகுவோர் கடிகாரத்தையே வாங்கட்டும். வண்டியேறும்போது அதனைக் கழற்றிக் கைபிடியில் கட்டிக்கொள்ளலாம். ஆனால் மணிக்கட்டை விட்டு நீங்கிய கடிகாரம் நாடித்துடிப்பை அளக்காது. அதற்கு நெஞ்சுப்பட்டி தனியே வாங்கவேண்டும். அந்தச் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள்.