கதைக்குக் குறிச்சொல் இடுவது யார்?

ஆயிரக்கணக்கான கதைகளைக் கணினியில் ஏற்றி, 'காதல்', 'வீரம்', 'பக்தி' என்று பிரித்துத் தரச் செய்வது டெக்ஸ்ட் மைனிங் முறைகளில் ஒன்று. நம் நாட்டார் கதைகளுக்கும் அது வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. ஆனால் இந்த வகைகளைக் கணினிக்குப் பெரும்பாலும் மனிதர்கள்தான் கற்றுத்தர வேண்டும். முதலில் சில நூறு கதைகளுக்கு மனிதர்கள் குறிச்சொல் இடுகிறார்கள். அதைப் பார்த்துத்தான் அது பழகுகிறது. அந்த மனிதர்கள் யார் என்பதுதான் என் கேள்வி.

உலகக் கதைகளை வகைப்படுத்த இன்றும் பயன்படும் ஆர்னே-தாம்சன் பட்டியல், 1910இல் ஐரோப்பியக் கதைகளை வைத்துத் தொடங்கியது. விலங்குக் கதை, மாயக் கதை, நகைச்சுவைக் கதை என்று போகும் அதன் பெரும்பிரிவுகளில் சாதிக்கு இடமில்லை. அதை அப்படியே எடுத்துவந்தால் நம் கதைகள் என்னவாகும்?

நெல்லைச் சீமையில் வில்லுப்பாட்டாகப் பாடப்படும் முத்துப்பட்டன் கதையைப் பாருங்கள். பார்ப்பனரான முத்துப்பட்டன், அருந்ததியர் பெண்களான பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணப்பதற்காகப் பூணூலையும் குடுமியையும் அறுத்தெறிந்து, செருப்புத் தைக்கக் கற்றுக்கொள்கிறான். இதே கதையில், அந்தப் பெண்கள் பிறப்பால் பார்ப்பனர்களே என்று சொல்லும் வடிவமும் உண்டு. இரண்டு வடிவங்களிலும் பெரும்பாலான சொற்கள் ஒன்றுதான். சொற்களை எண்ணிப் பார்க்கும் கணினிக்கு இரண்டும் ஒரே கதை. நமக்கோ, அந்தச் சில வரிகளில்தான் மொத்த அரசியலும் இருக்கிறது. ஒன்று சாதியை உடைக்கிறது. மற்றது உடைந்ததை ஒட்டவைக்கிறது.

மூன்று பேர் குறிச்சொல் இட்டு, இருவர் 'காதல்' என்றும் ஒருவர் 'சாதி மறுப்பு' என்றும் எழுதினால், பெரும்பான்மையை வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடுவது இத்துறையில் பரவலான வழக்கம். கழிக்கப்படும் அந்த ஒருவர், இந்தக் கதையைத் தன் தெருவில் கேட்டு வளர்ந்தவராக இருந்தால்? ஊரின் பெரும்பான்மை தீர்ப்பு சேரிக்கு என்ன செய்யும் என்பது நமக்குப் புதிதல்ல.

கணினி படிக்கும் தோழர்களே, மூன்று விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள். கதை வடிவங்களைத் தனித்தனியாகச் சேமிக்க வேண்டும். மாறுபட்ட குறிச்சொல்லை அழிக்காமல் பக்கத்திலேயே வைக்க வேண்டும். அந்தக் கதைகளுக்கு உரிய மக்கள், கூலியோடும் பெயரோடும் குறிச்சொல் இடும் இடத்தில் உட்கார வேண்டும். கணினி பழகி முடித்த பிறகு திருத்துவது கடினம். இப்போதே கேளுங்கள்.