அர்ச்சுனனுக்கு எதற்கு அறிவியல் சான்றிதழ்?

இடி இடித்தால் என் அப்பத்தா "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்பார். இடிக்கும் மழைக்கும் தேவன் இந்திரன். அவன் மகன் அர்ச்சுனன், காண்டவ வனம் எரிந்தபோது அப்பன் பொழிந்த மழையை அம்புகளால் தடுத்தவன். பிள்ளை பேரைச் சொல்லி அப்பனை அடக்கப் பார்க்கிறோம் என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். எவ்வளவு அழகான கற்பனை!

இதற்கு இப்போது வாட்ஸப்பில் ஒரு விளக்கம் சுற்றுகிறது. 'அர்' என்றால் நாக்கு மடியுமாம், 'னா' என்றால் வாய் திறக்குமாம், அதனால் காது அடைக்காதாம். எங்கள் ஆபீஸ் குரூப்பில் இதற்குக் கைதட்டியவர்கள் எல்லாரும் எஞ்சினியர்கள். வாய் திறப்பதுதான் விஷயம் என்றால் 'ஆட்டுக்குட்டி' என்றாலே போதுமே, ஐயா!

இது முன்னோருக்குச் செய்யும் மரியாதை இல்லை. அவர்களின் கற்பனையைப் பார்த்து நாம் கூச்சப்படுகிறோம், அவ்வளவுதான். அறிவியலுக்கும் இது அவமானம். மின்னல் பாயும் பாதையில் காற்று சுமார் 30,000 டிகிரி செல்சியஸுக்குச் சூடாகிறது. சூரியனின் மேற்பரப்பைப் போல ஐந்து மடங்கு. அந்தக் காற்று வெடித்து விரிவதுதான் இடி. மேகத்துக்குள் அளந்த மின்புலமோ காற்றைப் பிளக்கப் போதவில்லை. முதல் பொறி எப்படிப் பிறக்கிறது என்று இன்னும் விவாதிக்கிறார்கள். இதைவிடவா ஒரு ஃபார்வர்டு பிரமிப்பூட்டும்?

இடிச் சத்தம் கேட்கும் தூரத்தில் இருந்தாலே மின்னல் நம்மைத் தாக்கலாம். மரத்தடியில் நின்று யார் பேரைச் சொன்னாலும் பயனில்லை. அப்பத்தா அர்ச்சுனனைக் கூப்பிட்டபடியே எங்களைத் திண்ணையிலிருந்து வீட்டுக்குள் இழுத்துப் போவார். கதை எதற்கு, கூரை எதற்கு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பட்டம் வாங்கிய நமக்குத்தான் குழப்பம்.