கேரியரில் உட்கார்ந்திருக்கும் பொண்ணு



போன இதழில் எட்டாம் வகுப்புத் தம்பி ஒருவன் 'எனக்குப் பிடித்த ஹீரோ' என்று எழுதியிருந்தான். நல்லாத்தான் எழுதியிருந்தான். படிச்சதும் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. பெரிய ஹீரோக்கள் இருக்கட்டும். நம்ம வயசுப் பிள்ளைகளை வைத்து எடுத்த படங்களில் யார் ஹீரோ? அதிலாவது பொண்ணுங்க இருக்காங்களா?

லீவுல டிவியிலயும், பெரியம்மா மகள் அக்காவோட லேப்டாப்பிலயும் பார்த்த படங்களை வைத்து ஒரு கணக்குப் போட்டேன். பத்திரிகைக்காரங்க மார்க் போடுவாங்கல்ல, அது மாதிரி நானும் போட்டிருக்கேன். ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு மார்க். முதல் மார்க் படத்துக்கு. இரண்டாவது மார்க், அதில் வரும் பொண்ணுக்குக் கொடுத்த வேலைக்கு. இரண்டும் நூற்றுக்கு.

முதலில் பசங்க. 2009இல் வந்த படம். பாண்டிராஜ் சார் டைரக்‌ஷன். நம்ம புதுக்கோட்டை மாவட்டத்து விராச்சிலையில் எடுத்தது. நம்ம பேச்சு, நம்ம புழுதி, நம்ம சண்டை, எல்லாம் அப்படியே இருக்கும். ஜீவாவும் அன்புவும் முறைச்சுக்கிறதைப் பார்த்து எங்க வீட்டுல எல்லோரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். மனோன்மணின்னு ஒரு பொண்ணும் வருவாள். ஆனால் சண்டை போடுறதும் பசங்க, சமாதானம் ஆகுறதும் பசங்க. படத்தோட பேரே பசங்கதானே, அப்புறம் எப்படி! படத்துக்கு 85. பொண்ணுக்கு 30.

அடுத்து காக்கா முட்டை, 2015. மணிகண்டன் சார் எடுத்தது. சென்னைக் குடிசைப் பகுதியில் இருக்கிற அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பீட்சா சாப்பிடணும்னு ஆசை. தண்டவாளத்து ஓரம் கரி பொறுக்கிக் காசு சேர்க்கிறாங்க. பாட்டி தோசை மாவில் பீட்சா சுட்டுத் தர்ற இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் நினைச்சுப் பாருங்க. அந்த இரண்டு பேரும் அக்கா தங்கச்சியா இருந்திருந்தால், ஊர் முழுக்க அப்படிச் சுத்த வீட்டுல விட்டிருப்பாங்களா? கதை முதல் பத்து நிமிஷத்துலயே முடிஞ்சிருக்கும். படத்துக்கு 95. பொண்ணுக்கு மார்க் போட வழி இல்லை. ஆப்சென்ட்.

குரங்கு பெடல் 2024இல் வந்தது. ராசி அழகப்பன் எழுதிய கதையைக் கமலக்கண்ணன் சார் படமாக்கினார். 1980கள்ல நடக்கிற கதை. மாரி என்ற பையனுக்குக் கோடை லீவுல சைக்கிள் கத்துக்கணும். அவன் அப்பாவுக்கோ சைக்கிளே ஓட்டத் தெரியாது. வாடகை சைக்கிள் கடை, மணிக்கணக்கு, பாருக்கு அடியில் காலை விட்டு மிதிக்கிறது, அதெல்லாம் பார்த்து எங்க அப்பா டிவி முன்னாடி சின்னப் பிள்ளை ஆயிட்டார். மாரிக்கும் கூட்டாளிகள் எல்லாம் பையன்கள். படத்துக்கு 80. பொண்ணுக்கு 10.

வாழை. இதுவும் 2024தான். மாரி செல்வராஜ் சார் தன்னோட சின்ன வயசை வைத்து எடுத்தது. சிவனணைந்தான் நல்லாப் படிக்கிற பையன். ஆனால் லீவு நாள் வந்தால் வாழைத்தார் சுமக்கப் போகணும். அவனுக்கு ஒரு அக்கா, பேரு வேம்பு. ஒருநாள் தார் சுமக்கப் போகாமல் ஆண்டு விழா டான்ஸ் பழகப் பள்ளிக்கூடம் போகணும்னு அவனுக்கு ஆசை. அக்காதான் அவனை அனுப்பி வைக்கிறாள். அவள் வேலைக்குப் போகிறாள். அன்னைக்கு லாரி கவிழ்ந்துருது. தம்பி பிழைச்சான். அக்கா போயிட்டாள்.

எங்க வீட்டுல அம்மா விளக்கை அணைச்சிட்டு அழுதாங்க. நானும் அழுதேன். ஆனால் படுத்த பிறகு ஒண்ணு தோணுச்சு. வேம்புக்கு என்ன ஆகணும்னு ஆசை இருந்திருக்கும்? அவளுக்கும் டான்ஸ் பிடிக்குமோ என்னமோ? அது டைரக்டரோட தப்புன்னு சொல்ல மாட்டேன். நம்ம ஊர்களில் நடக்கிறதைத்தான் அவர் எடுத்திருக்கார். தம்பி படிக்க அக்கா வேலைக்குப் போற வீடு நம்ம தெருவுலயே இருக்கு. அதனால்தான் மனசு வலிக்குது. படத்துக்கு 98. வேம்புக்கு 40. நூறு போட்டிருக்க வேண்டியது, ஆனால் அவளோட கதையை நமக்கு யாரும் சொல்லவே இல்லையே.

"பொண்ணுங்க வர்ற படமே இல்லையா?"ன்னு நீங்க கேட்பீங்க. இருக்கு. நிறையவே இருக்கு. ஆனால் எப்படி வர்றாங்க? ஒண்ணு, மஞ்சள் நீராட்டு விழாவுல ஒரு பாட்டுக்கு வர்றாங்க. பாட்டு முடியுறதுக்குள்ள பெரிய ஹீரோயினா மாறிடுறாங்க. பதினாலு வயசுல அவங்க என்ன பண்ணாங்கன்னு யாருக்கும் தெரியாது. இன்னொண்ணு, ஆபத்துல மாட்டிக்கிறதுக்கு வர்றாங்க. 2023இல் வந்த சித்தாவுல குட்டிப் பொண்ணு காணாமல் போறாள், சித்தப்பா தேடி அலையுறார். 2024இல் வந்த மகாராஜாவுல பொண்ணுக்கு நடந்த கொடுமைக்கு அப்பா பழி வாங்குறார். இரண்டும் நல்ல படம்தான். அவசியமான படமும்கூட. ஆனால் இரண்டுமே சித்தப்பா கதை, அப்பா கதை.

நான் சொல்ல வந்ததே இதுதான். சித்தா பார்த்த மறுநாள் எங்க அம்மா என்னைத் தனியாக் கடைக்கு விடலை. "காலம் கெட்டுக் கிடக்கு, நீ வீட்டுல இரு, தம்பி போயிட்டு வரட்டும்"னு சொல்லிட்டாங்க. அம்மா பயந்தது தப்பு இல்லை. ஆனால் வெளியே போற பொண்ணுக்கு இரண்டே விஷயம்தான் நடக்கும்னு திரும்பத் திரும்பப் படம் காட்டுது. ஒண்ணு காதல், இன்னொண்ணு கடத்தல். மூணாவதா ஒண்ணு இருக்கே! போவாள், போன வேலையை முடிப்பாள், வீட்டுக்கு வந்து சோறு சாப்பிடுவாள். நம்மள்ல எல்லோருக்கும் தினமும் நடக்கிறது அதுதான். அதை யாரும் காட்ட மாட்டேங்கிறாங்க. அதனால வீட்டுல பயம் மட்டும் வளருது.

எங்க வகுப்பில் ஒன்பதாவது வந்ததும் மூணு பேரோட சைக்கிளை வீட்டுல வாங்கித் தம்பிகிட்ட கொடுத்துட்டாங்க. "வயசுக்கு வந்த பொண்ணு, பஸ்ஸுல போ" என்று சொல்லிட்டாங்களாம். பஸ் வராத நாள் அவங்க வகுப்பில் இல்லை. பேரு எழுத மாட்டேன். டீச்சருக்குத் தெரியும். நான் சும்மா சினிமாக் கதை பேசுறேன்னு நினைக்காதீங்க. பஸ் வராத அந்த நாளைப் பத்தித்தான் பேசுறேன்.

நல்ல மார்க் வாங்கின படங்களும் இருக்கு. 2002இல் மணிரத்னம் சார் எடுத்த கன்னத்தில் முத்தமிட்டால். அமுதாவுக்கு ஒன்பது வயசு. தான் தத்துப் பிள்ளைன்னு தெரிஞ்சதும், பெத்த அம்மாவைப் பார்த்தே ஆகணும்னு இலங்கை வரைக்கும் போறாள். படமே அவளோட பிடிவாதத்துலதான் நகருது. பொண்ணுக்கு 95. 1998இல் சந்தோஷ் சிவன் சார் எடுத்த மல்லி. காட்டோரம் இருக்கிற மல்லி, பேச முடியாத தன் தோழி குயிலுக்காக ஒரு நீல மணியைத் தேடுவாள். இரண்டு பொண்ணுங்களோட சிநேகத்தை இவ்வளவு அழகா நான் வேற எதுலயும் பார்த்ததில்லை. பொண்ணுக்கு 100. 2018இல் வந்த கனாவுல கௌசல்யா கிரிக்கெட் ஆடி இந்திய டீமுக்கே போறாள். அவளைத் தேத்தி விட ஒரு சார் வந்துதான் ஆகணும்ங்கிறதால அஞ்சு மார்க் குறைச்சேன். 85.

இப்போ அக்கா லேப்டாப்பில் காட்டிய படத்துக்கு வர்றேன். பேரு வஜ்தா. 2012இல் சவூதி அரேபியாவுல எடுத்தது. கீழே இங்கிலீஷ்ல எழுத்து ஓடும். பாதி எனக்கு எட்டலை, அக்காதான் சொல்லச் சொல்லப் புரிஞ்சுக்கிட்டேன். ரியாத் நகரத்துல வஜ்தாவுக்குப் பத்து வயசு. கடையில் ஒரு பச்சை சைக்கிள் நிக்குது. அதை வாங்கி அப்துல்லா என்ற பையனோட பந்தயம் ஓட்டணும். பொண்ணு சைக்கிள் ஓட்டக் கூடாதுன்னு எல்லோரும் சொல்றாங்க. அவள் குர்ஆன் ஓதும் போட்டியில் சேர்ந்து, அந்தப் பரிசுப் பணத்துல சைக்கிள் வாங்கப் பார்க்கிறாள். முடிவைச் சொல்ல மாட்டேன். நீங்களே பாருங்க.

இதை எடுத்தவங்க ஹைஃபா அல் மன்சூர். அங்கே முழுநீளப் படம் எடுத்த முதல் பெண் டைரக்டர். தெருவுல ஆண்களோட சேர்ந்து நின்னு வேலை வாங்க முடியாததால, வேனுக்குள்ள உட்கார்ந்து வாக்கி டாக்கியில் பேசிப் பேசியே எடுத்தாங்களாம். 2013இல்தான் அங்கே பெண்கள் சைக்கிள் ஓட்ட அனுமதி வந்தது. 2018இல் கார் ஓட்டவும் வந்தது. படத்துக்கு 95. பொண்ணுக்கு 100.

"பெண்கள் டைரக்டர் ஆனா பொண்ணுங்க கதை தானா வந்துடும்"னு அக்கா சொன்னாங்க. எனக்கு முழுசா ஒத்துக்க முடியலை. 2014இல் ஹலிதா ஷமீம் மேடம் எடுத்த பூவரசம் பீப்பீயிலயும் ஹீரோக்கள் மூணு பையன்கள்தான். ஜாலியான படம். அவங்களுக்குப் பிடிச்ச கதையை அவங்க எடுத்தாங்க, அது சரி. ஆனால் ஊர் சுத்துறதுன்னாலே பையன்தான்னு நம்ம எல்லோர் மனசுலயும் பதிஞ்சு போச்சோன்னு எனக்குப் படுது. நான் கதை யோசிச்சாலும் முதலில் பையன்தான் வர்றான்!

வகுப்பில் பசங்க என்ன சொல்றாங்கன்னும் எழுதிடுறேன். "படத்தைப் படமாப் பாரு, எல்லாத்துலயும் குத்தம் கண்டுபிடிக்காதே." சரிப்பா. ஆனால் குரங்கு பெடல் பார்த்துட்டு நீங்க நாலு பேரும் தரையில் கால் எட்டாத சைக்கிளை எடுத்துக்கிட்டுக் கண்மாய்க் கரையில் போய் விழுந்தீங்களே, அது எதுக்கு? படம் ஆசையைக் கிளப்பும். உங்களுக்குக் கிளப்புற மாதிரி எங்களுக்கும் ஒண்ணு வேணும்னுதான் கேட்கிறேன்.

கதைக்கு எங்கேயும் அலைய வேண்டாம். நம்ம மாவட்டத்துலயே இருக்கு. 1991, 1992இல் அறிவொளி இயக்கத்துல எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்ததோட, பெண்களுக்கு சைக்கிளும் கத்துக் கொடுத்தாங்க. அப்போ கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். லட்சம் பெண்களுக்கு மேல கத்துக்கிட்டாங்கன்னு பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதியிருக்கார். கல் குவாரியில் வேலை பார்த்தவங்க, வயல் வேலைக்குப் போனவங்க, நர்சு, டீச்சர் எல்லோரும் ஓட்டினாங்க. லேடீஸ் சைக்கிள் பத்தாம ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்துக்கிட்டாங்களாம்.

எங்க அம்மாச்சியும் அதுல ஒருத்தங்க. "முன்னாடி பாருல உங்க அம்மாளை உட்கார வெச்சு, பின்னாடி தண்ணிக் குடத்தைக் கட்டிக்கிட்டு வருவேன். ஆம்பளைங்க டீக்கடையில இருந்து கேலி பேசுவாங்க. நான் மணி அடிச்சிட்டுப் போயிக்கிட்டே இருப்பேன்" என்று சொல்லும்போது அம்மாச்சி முகத்தைப் பார்க்கணும்! எந்த ஹீரோவோட அறிமுகக் காட்சிக்கும் அந்த அளவுக்கு நான் கை தட்டினதில்லை.

இப்போ யோசிங்க. 1992இல் அம்மாச்சி ஓட்டின ஊர்ல, இன்னைக்குப் பேத்தி சைக்கிளைத் தம்பிகிட்ட கொடுத்துட்டு பஸ்ஸுக்கு நிக்கிறாள். பதினோராம் வகுப்பு போனா அரசாங்கமே பொண்ணுங்களுக்கு சைக்கிள் கொடுக்குது. ஆனால் அதுவரைக்கும் ஓட்டாம இருந்தா, கொடுக்கிற அன்னைக்குத் தள்ளிக்கிட்டுத்தானே வீட்டுக்குப் போகணும்? சினிமாவுல நாம கேரியரில் உட்கார்ந்து பாட்டுப் பாடுறோம். ஹேண்டில் நம்ம கையிலும் இருந்ததுன்னு அம்மாச்சிகளுக்குத் தெரியும். சினிமாவுக்குத்தான் இன்னும் தெரியலை.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளியில் அடுத்த முறை சிறார் படம் போடும்போது மல்லி போடுங்க. முடிந்தால் வஜ்தாவும். பசங்களும் சேர்ந்தே பார்க்கட்டும். பெற்றோர் கூட்டம் நடக்கிற நாளாகப் போட்டால் இன்னும் நல்லது. சைக்கிளை வாங்கி வைத்த வீட்டுக்காரங்களும் வந்து உட்காருவாங்க.

தோழிகளுக்கு ஒரு வேலை. உங்க வீட்டு அம்மாச்சி, அப்பத்தாகிட்ட "நீங்க அறிவொளியில சைக்கிள் கத்துக்கிட்டீங்களா?"ன்னு கேளுங்க. சொல்றதை அப்படியே ஒரு பக்கம் எழுதிக் கொண்டு வாங்க. அடுத்த மாதம் இந்தச் சுவரில் முழுக்க அதையே ஒட்டலாம்னு தமிழ் ஐயாவிடம் கேட்டேன். "கையெழுத்து ஒழுங்கா இருந்தா ஒட்டலாம்"னு சொல்லியிருக்கார். என்னைக்காவது யாராவது டைரக்டர் இந்தப் பக்கம் வந்தா, கதை தேடி அலைய வேண்டியதில்லை. சுவரைக் காட்டினால் போதும்.

பசங்களே, நீங்களும் எழுதலாம். உங்க அம்மாச்சியும் ஓட்டியிருப்பாங்க!



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி