முதல் துப்பாக்கியை வாங்குவதற்கு முன்

சென்ற வாரம் விடுதியில் என் அறைக்கு இளைய ஆய்வாளர் ஒருவர் வந்தார். பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் பழகத் தொடங்கி அவருக்கு மூன்று வாரமே ஆகிறது. பல மாத நிலுவையாக இருந்த உதவித்தொகை மொத்தமாக வந்து சேர்ந்திருக்கிறது. "அண்ணா, மொரினி வாங்கலாமா, ஸ்டேயர் வாங்கலாமா?" என்று கேட்டார். இரண்டும் வேண்டாம் என்றேன். முகம் வாடிப் போயிற்று. அவருக்குச் சொன்னதைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன். தில்லியில் அடித்தளங்களில் இயங்கும் சிறு ரேஞ்சுகளுக்கு அண்மைக் காலமாகப் புதியவர்கள் நிறைய வருகிறார்கள்.

இளநிலை ஆய்வாளர் ஒருவருக்கு மாதம் 37,000 ரூபாய். வெளிநாட்டுப் போட்டிப் பிஸ்டல் ஒன்று அதில் ஐந்தாறு மாதத் தொகையை விழுங்கிவிடும். போட்டிக்குரிய 4.5 மில்லிமீட்டர் காற்றுத் துப்பாக்கிக்கு ஆயுத உரிமம் வேண்டியதில்லை என்பதால் தடுத்து நிறுத்த யாரும் இல்லை. பணம் இருந்தால் அன்றைக்கே வாங்கிவிடலாம். நானும் அப்படித்தான் வாங்கினேன். ஆய்வின் முதலாண்டில், போட்டியிலிருந்து விலகிய ஒருவரிடம் பழைய பிஸ்டல் ஒன்றைப் 'பாதி விலை' என்ற மகிழ்ச்சியில் வாங்கி வந்தேன். கைப்பிடி என் உள்ளங்கைக்குப் பெரியது. விரல் விசையை நுனியால் தொடாமல் பக்கவாட்டில் தள்ளியது. குண்டுகள் எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கின. குறை என் நடுக்கத்தில் இருக்கிறது என்று எண்ணி எட்டு மாதங்கள் மூச்சுப் பயிற்சி செய்தேன். பிறகு முதல் போட்டியின் கருவிச் சோதனையில் நடுவர் காற்று உருளையைத் திருப்பி, அதில் பொறித்திருந்த தேதியைக் காட்டினார். உருளையின் செல்லுபடிக் காலம் அதிகபட்சம் பத்து ஆண்டுகள். என்னுடையது அதைக் கடந்திருந்தது. சுடாமலே விடுதி திரும்பினேன். விற்றவருக்கு அது தெரிந்திருக்குமா என்று இன்றும் சில வேளைகளில் நினைப்பதுண்டு. பழைய துப்பாக்கி வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது குழலையன்று, அந்தத் தேதியை.

பாரிஸ் ஒலிம்பிக்கிற்குப் பிறகு எதிர்வாதம் ஒன்றும் வலுத்திருக்கிறது. துருக்கியின் யூசுப் திகேச் சாதாரணக் கண்ணாடியோடு, ஒரு கையைக் காற்சட்டைப் பையில் விட்டு நின்று கலப்பு இரட்டையரில் வெள்ளி வென்ற படத்தைக் காட்டி, 'கருவியெல்லாம் வீண் ஆடம்பரம்' என்கிறார்கள். படத்தைப் பாதிதான் பார்த்திருக்கிறார்கள். அவர் துறந்தது கண்ணை மறைக்கும் தகட்டையும் சிறப்பு வில்லையையும்தான். கையில் இருந்தது போட்டித் தரமுள்ள பிஸ்டல். பையில் கைவிடுவதும் அலட்சியமன்று. ஒரு கையால் மட்டுமே சுட வேண்டிய இந்தப் பிரிவில் மறு கையை அசையாமல் நிறுத்தப் பலரும் செய்வதே. கருவி எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு மனு பாக்கரைக் கேட்கலாம். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கின் தகுதிச் சுற்றில் அவருடைய பிஸ்டலின் பாகமொன்று பழுதாகி, சரிசெய்து திரும்புவதற்குள் நேரம் கரைந்தது. 575 புள்ளிகள், 12ஆம் இடம். இறுதிச் சுற்று இரண்டு புள்ளி தூரத்தில் நின்றுவிட்டது.

ஆகவே கருவி வேண்டும். எப்போது, எந்த வரிசையில் என்பதில்தான் என் கருத்து வேறுபடுகிறது. முதல் ஆறு மாதங்கள் ரேஞ்சின் பொதுத் துப்பாக்கியே போதும். முதல் செலவு கண்ணுக்கு. இரு கைகளையும் நீட்டி, விரல்களுக்கிடையே சிறு துளை அமைத்துத் தொலைவிலுள்ள பொருள் ஒன்றைப் பார்த்து, கண்களை மாற்றி மாற்றி மூடினால் எந்தக் கண் ஆளும் கண் என்பது தெரியும். வலக்கைப் பழக்கமும் இடக்கண் ஆதிக்கமும் உள்ளவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். பிஸ்டலில் கண் தெளிவாகக் காண வேண்டியது குழல் முனையிலுள்ள முன்குறியை. இலக்கு மங்கலாகத் தெரிவதே சரி. இதைக் கண் பரிசோதகரிடம் அளவு சொல்லிக் கேட்டு ஒரு வில்லை செய்துகொண்டால் போதும்.

அடுத்தது பெல்லட். டப்பாவில் ஐந்நூறு; ஒரு போட்டிக்கு அறுபது எனக் கணக்கிட்டால் எட்டு நாள் பயிற்சிக்குத்தான் வரும். இந்தத் தொடர்செலவைப் புதியவர் எவரும் கணக்கில் எடுப்பதில்லை. துப்பாக்கி வாங்கிய கடனில் பெல்லட் வாங்கப் பணமின்றி அதைப் பெட்டியில் பூட்டி வைத்தவர்களை அறிவேன். (அது ஈயம்; சுட்டுவிட்டுக் கை கழுவாமல் சமோசா உண்ணும் நண்பர்களுக்கும் ஒரு சொல்.) அதோடு, பெல்லட் இல்லாமல் விசையை மட்டும் அழுத்தும் வெற்றுப் பயிற்சிக்குச் செலவே இல்லை. பிஸ்டல் விசைக்குக் குறைந்தது 500 கிராம் இழுப்பு இருக்க வேண்டும் என்பது விதி. அந்த எடையை முன்குறி அசையாமல் கடக்க விரல் கற்பதற்குள் மாதங்கள் ஓடிவிடும். அப்போது உங்கள் கைக்கு எந்த அளவுக் கைப்பிடி வேண்டும் என்பதும் தெரிந்திருக்கும்.

ரைபிளுக்குப் பிள்ளைகளைச் சேர்க்கும் பெற்றோரை நினைத்தால்தான் எனக்கு உண்மையில் வருத்தம். கித்தானும் தோலும் கொண்ட விறைப்பான சட்டை, காற்சட்டை, காலணி, கையுறை என்று அளவெடுத்துத் தைத்துவிடுகிறார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அடுத்த ஆண்டே தோள் அகன்றுவிடும், சட்டை பொருந்தாது. ரேஞ்சில் முந்திய தொகுதியினர் விட்டுச் சென்ற சட்டைகள் ஆணியில் தொங்குகின்றன; கேட்டால் கொடுப்பார்கள். கேட்பதற்குத்தான் வெட்கம். பயிற்றுநர்களும் இதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். விற்பவரும் பயிற்றுநரும் ஒருவராகவே இருக்கும் இடங்களில் அதை எதிர்பார்ப்பது கடினம்.

இளையவர் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். "அப்படியென்றால் உங்கள் பழைய பிஸ்டல், அண்ணா?" என்றார். கைப்பிடியை இழைத்து, புதிய உருளை போட்டுவிட்டேன். சனிக்கிழமை ரேஞ்சுக்கு வந்து பிடித்துப் பாருங்கள் என்றேன். விற்பனைக்கன்று.