வீட்டில் எத்தனை நாளைக்கு அரிசி?

2025-ஆம் ஆண்டு மே மாதம் எல்லையில் சண்டை மூண்டபோது வடக்கே ஒரு பேச்சுக் கிளம்பிற்று. அரிசியும் கோதுமையும் பெட்ரோலும் கிடைக்காமல் போகப் போகிறது, இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அது. தானியம் தேவைக்கு மேலேயே கையிருப்பில் இருக்கிறது, யாரும் பீதியடைய வேண்டாம் என்று மத்திய உணவு மந்திரி பிரல்ஹாத் ஜோஷி அறிக்கை விட்டார். சண்டிகர் நிர்வாகம் பதுக்கலைத் தடுக்க உத்தரவு போட்டது. சில நாட்களில் சண்டை நின்றது, பேச்சும் அடங்கியது.

எல்லை நமக்கு வெகு தூரம். ஆனால் வீட்டில் எத்தனை நாளைக்கு அரிசி இருக்கிறது என்ற கேள்வி, சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்துக் கிராமங்களுக்குப் புதிதல்ல. அங்கே அடுப்பு அணைவதற்கு ஒரு யுத்தம் வரவேண்டும் என்பதில்லை. டில்லியில் ஒரு தீர்ப்பு வந்தால் போதும். ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டாலும் போதும்.

2018 அக்டோபர் 23-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு பட்டாசு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. புகை குறைந்த பசுமைப் பட்டாசுதான் செய்யலாம், பேரியம் நைட்ரேட் சேர்க்கக் கூடாது, சரவெடி கூடாது என்பது அதன் சாரம். பேரியம் இல்லாவிட்டால் மத்தாப்பும் இல்லை, பூச்சட்டியும் இல்லை என்று சொல்லி, தீபாவளி முடிந்த கையோடு நவம்பர் 13-ந் தேதி முதல் ஆலை முதலாளிகள் கதவை அடைத்தார்கள். ஏறக்குறைய நான்கு மாதம் தொழில் நின்றது. நாட்டில் வெடிக்கும் பட்டாசில் பெரும் பகுதியைச் செய்துகொடுக்கும் ஊர்களில் கார்த்திகையும் மார்கழியும் தையும் கூலியில்லாமல் கழிந்தன.

கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்த நான்கு மாதமும் எந்தக் கடையிலும் அரிசி மூட்டை குறையவில்லை. தாது வருஷத்துப் பஞ்சம் போல வானம் பொய்த்ததால் வந்த கஷ்டம் அல்ல இது. மூட்டை கடையில் இருந்தது. அதை வாங்கக் கையில் காசு இல்லை. சரக்குத் தட்டுப்பாட்டைப் பற்றியே பேசிப் பழகிய நமக்கு, இந்தக் காசுத் தட்டுப்பாடு அவ்வளவாகக் கண்ணில் படுவதில்லை.

அதிலிருந்து தலை நிமிர்வதற்குள் 2020 வந்தது. மார்ச் 24-ந் தேதி இரவு 8 மணிக்குப் பிரதமர் பேசினார். நள்ளிரவு முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. நகரங்களில் மாதச் சம்பளக்காரர்கள் பையும் கையுமாகக் கடைக்கு ஓடினார்கள். அன்று என்ன கிழமை என்று பாருங்கள்: செவ்வாய். பட்டாசு, தீப்பெட்டி ஆலைகளில் வாரக் கூலி சனிக்கிழமை. சனிக்கிழமை வாங்கிய கூலி ஞாயிற்றுக்கிழமை கடைப்பாக்கிக்கும் குழுக் கடனுக்கும் போய்விட்டால், செவ்வாய் இரவு ஓடிப் போய் வாங்குவதற்கு மடியில் என்ன இருக்கும்? முன்யோசனை இல்லாதவர்கள் என்று அவர்களைச் சொல்வது சுலபம். முன்யோசனைக்கும் முதல் வேண்டும்.

குலுக்கை இருந்த காலம்

இந்தக் கரிசல் பூமி ஒரு காலத்தில் சேமிப்பில் கெட்டிக்கார பூமி. பெரிய ஆறு கிடையாது, கால்வாய் கிடையாது. கண்மாயையும் மானத்தையும் நம்பிய வெள்ளாமை. மூன்று வருஷத்தில் ஒரு வருஷம் ஏமாற்றும் என்று கணக்குப் பண்ணியே வீட்டைக் கட்டினார்கள். ஆள் உயரத்துக்கு மண் குலுக்கை. மேல் வாய் வழியாகக் கொட்டி, அடியில் உள்ள துவாரத்தைத் திறந்து வேண்டியதை வாங்கிக்கொள்வார்கள். பழைய தானியம் முதலில் வெளியே வரும், புதியது மேலே நிற்கும். இன்றைய கிட்டங்கிக்காரர்கள் பெரிய சூத்திரமாகச் சொல்வதைக் குயவரும் குடியானவரும் பேசி முடித்து வைத்திருந்தார்கள்!

உள்ளே கம்பும் சோளமும் குதிரைவாலியும் வரகும். உமியோடு கிடக்கும் வரகு வருஷக்கணக்கில் கெடாது. துவரைக்குச் செம்மண் கட்டிக் காயவைப்பார்கள்; வண்டு அண்டாது. தானியத்தின் நடுவே வேப்பிலையும் நொச்சியிலையும் கிடக்கும். மழைக்கு முளைக்கும் மிதுக்கங்காய் வற்றலாகும். இத்தனையும் கடைக்குப் போகாத கையிருப்பு.

அது ஏன் போயிற்று? சோம்பலால் போகவில்லை. அறுப்புக் கூலி தானியமாக இருந்தவரையில் கூலிக்காரன் வீட்டிலும் ஒரு பானை நிறைந்தது. கூலி ரூபாயாக மாறியதும் பானை காலியாயிற்று. கம்பும் வரகும் விளைந்த பல புஞ்சைகளில் இன்று நிற்பது மக்காச்சோளம். அது கோழித் தீவனத்துக்குப் போகிறது. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். அதிலிருந்து வளர்ந்த ஆலைகள், மழையை நம்பிக் கெட்ட ஜனங்களுக்கு வருஷம் முழுவதும் வேலை கொடுத்தன. அந்த நன்மையை மறுப்பதற்கில்லை. ஆனால் காட்டை நம்பிய குடும்பம் ஆலையை நம்பிய குடும்பமாயிற்று. குலுக்கை நின்ற மூலையில் இப்போது குளிர்சாதனப் பெட்டி நிற்கிறது. அதில் இருப்பது இரண்டு நாளைக்கு மாவு.

ஆலைக்குள்ளோ விதி வேறு. கலந்த மருந்தை மிச்சம் வைத்து இரவு தங்கவிடக் கூடாது. அறைக்கு இவ்வளவு எடை, இத்தனை ஆள் என்று கணக்கு. அந்தக் கணக்குகள் மீறப்படும்போது நடப்பதை 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் பார்த்தோம். இருப்பு மிகுந்தால் ஆபத்தான இடத்தில் பகலெல்லாம் வேலை செய்துவிட்டு, இருப்பு இல்லாவிட்டால் ஆபத்தான வீட்டுக்கு மாலையில் திரும்புகிறார்கள்.

சர்க்கார் குதிர்

இன்று ஏழை வீட்டுக் குதிர் ரேஷன் கடைதான். இதை இளக்காரமாகச் சொல்லவில்லை. அரிசி ராஜ்யத்தையே மாற்றும் என்பதை விருதுநகரைவிட நன்றாக அறிந்த ஊர் இல்லை. 1967-ல் ஊரின் தவப்புதல்வர் காமராஜர், சொந்த ஊரிலேயே 1,285 ஓட்டில் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். அந்தத் தேர்தலில் ஹிந்தி எதிர்ப்போடு அரிசிப் பஞ்சமும் சேர்ந்து நின்றது. ரூபாய்க்கு மூன்று படி என்ற வாக்குறுதி எதிர்த் தரப்பில் நின்றது. பிறகு எந்தக் கட்சியும் அரிசியில் விளையாடவில்லை. 2008-ல் கிலோ ஒரு ரூபாய் ஆயிற்று. 2011 ஜூன் முதல் இலவசம். 2020 ஊரடங்கில் அரிசிக் கார்டுக்கு 1,000 ரூபாயும் ஏப்ரல் மாதச் சாமான்களும் இலவசமாக வந்தன. அது இல்லாவிட்டால் அந்தச் சித்திரை எப்படிக் கழிந்திருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

ஆனாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு பேர் குடும்பத்துக்கு மாதம் 20 கிலோ. உடம்பால் உழைக்கிறவர்கள் வீட்டில் நாளொன்றுக்கு ஒன்றே கால் கிலோ பொங்கினால் 16 நாளில் மூட்டை காலி. மீதி 14 நாள் கடை அரிசி, அதாவது சனிக்கிழமைக் கூலி. பருப்பும் எண்ணெயும் அரிசி அளவுக்கு நிச்சயமானவை அல்ல. 2024 மே மாதத்தில் துவரம் பருப்பும் பாமாயிலும் உரிய காலத்தில் கடைக்கு வராமல், மே மாதப் பங்கை ஜூனில் வாங்கிக்கொள்ளலாம் என்று சர்க்கார் சொல்லும்படி ஆயிற்று. பங்கு பிற்பாடு வரும், பசி காத்திருக்குமா?

பருப்பு என்றதும் விருதுநகர் பேட்டையைச் சொல்லாமல் முடியாது. விருதுநகர் மார்க்கெட் நிலவரம் என்று பத்திரிகைகளில் வரும் பருப்பு, எண்ணெய், வற்றல் விலையைப் பார்த்துத்தான் தென் ஜில்லாக்களின் மளிகைக் கடைகள் விலை சொல்கின்றன. 2023 ஜூனில் மத்திய சர்க்கார் துவரைக்கும் உளுந்துக்கும் இருப்பு வரம்பு விதித்தது: மொத்த வியாபாரிக்கு 200 டன், சில்லறைக் கடைக்கு 5 டன். வியாபாரிகளுக்கு அதில் மனத்தாங்கல் உண்டு. இருப்பு வைக்காமல் வியாபாரம் எப்படி என்று கேட்கிறார்கள். நியாயமும் இருக்கிறது. ஆனால் கிட்டங்கியில் இருக்கும் 200 டன்னையும், ஒரு தாய் அடுக்குப்பானையில் வைத்திருக்கும் இரண்டு கிலோவையும் 'பதுக்கல்' என்ற ஒரே வார்த்தையால் அதட்டுவது முறையல்ல. சர்க்கார் அறிக்கைகள் பீதி வேண்டாம் என்று சொல்லும்போது பல சமயம் இந்த வித்தியாசத்தை மறந்துவிடுகின்றன.

பக்கத்து ஜில்லாவில் 2023 டிசம்பரில் நடந்ததைப் பாருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை புரண்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. சுமார் 800 பயணிகள். ஹெலிகாப்டர் வந்து சேரும்வரை அவர்கள் வயிற்றைக் காத்தது அருகிலுள்ள புதுக்குடி கிராமத்தார். தாங்களே வெள்ளத்தில் இருக்கும்போது உள்ள அரிசியைப் பொங்கிப் போட்டார்கள். கிராமத்தில் நாலு வீட்டில் மூட்டை இருந்தால் அது நாலு வீட்டுக்கு மட்டும் உதவுவதில்லை.

செய்யக்கூடியது இல்லாமல் இல்லை. 2025-ல் பருவமழைக்கு முன்னதாக ஜூன், ஜூலை, ஆகஸ்டு மூன்று மாதப் பங்கையும் சேர்த்துக் கொடுக்கும்படி மத்திய சர்க்கார் மாகாணங்களுக்குச் சொன்னது. நமக்கு மழை ஐப்பசியில். பட்டாசு காய வெயில் இல்லாமல் வேலை சுருங்குவதும் அப்போதுதான். புரட்டாசியிலேயே இரண்டு மாத அரிசியைச் சேர்த்து அளந்துவிட்டால் வெம்பக்கோட்டைப் பக்கத்துக் குடும்பம் நிம்மதியாக மழையைப் பார்க்கும். மீன்பிடித் தடை நடக்கும் 61 நாளுக்கு மீனவர் குடும்பங்களுக்கு நிவாரணத் தொகை உண்டு. கோர்ட்டு உத்தரவாலோ மழையாலோ ஆலை மூடும் நாட்களுக்குப் பட்டாசுத் தொழிலாளிக்கும் அப்படி ஒரு தொகையை நிர்ணயிக்கலாம்.

40 கிலோ அரிசியை ஒழுகுகிற ஓட்டு வீட்டில் எங்கே வைப்பது என்ற கேள்வி வரும். நியாயமான கேள்விதான், ரேஷன் அரிசியில் வண்டு வர ஒரு மாதம் அதிகம். இறுக மூடும் தகர டப்பா ஒன்றைக் கூட்டுறவுக் கடையிலேயே சகாய விலைக்கு, நாலு சனிக்கிழமைத் தவணையில் கொடுக்கலாம்.