காட்டை ஏட்டில் மட்டும் காட்டுவதா?

பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் புந்தோங்கில் பயணப் பேச்சு எழும். கச்சாங் பூத்தே வறுபடும் மணம் வீசும் அந்த ஈப்போப் பகுதியில், ஒரு வேனுக்கு இரண்டு குடும்பம் என்று கணக்கிட்டுப் புறப்படுவார்கள். காலையில் கேமரன் மலை, மாலையில் பினாங்கு, மறுநாள் ஒரு கோயில், ஒரு கடற்கரை, ஒரு பேரங்காடி. வீடு திரும்பும்பொழுது பெரியவர்கள் களைத்துப்போயிருப்பர். சிறுவர்களோ வேனிலேயே உறங்கிப் பாதியையும், விழித்திருந்து மறந்து மீதியையும் இழந்திருப்பர். இதற்குப் பெயர் உல்லாசப் பயணம்!

அதே சிறுவர்கள் மேல் வகுப்புக்குச் சென்றதும் ஐந்திணை படிக்கிறார்கள். குறிஞ்சிக்கு மலை, முல்லைக்குக் காடு என்று ஒப்பிக்கிறார்கள். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களைப் பெயர்சொல்லி அடுக்கினார் என்பதையும் தேர்வுக்காக நினைவில் வைக்கிறார்கள். ஆனால், மரம் செறிந்த காட்டுக்குள் ஒரு நாழிகையேனும் நின்றவர்கள் அவர்களுள் எத்தனை பேர்? நிலத்தையே பாட்டுக்கு முதற்பொருளாக வைத்த மொழியின் பிள்ளைகள், நிலத்தைக் காணாமலே அம்மொழியைக் கற்கிறார்கள். இந்தக் குறைக்கு வறுமை மட்டுமே காரணமன்று. திட்டமின்மையும் ஒரு காரணம்.

காட்டைத் தேடிக் கடல் கடக்க வேண்டியதில்லை. பேராக் மாநிலத்தின் வடகோடியிலேயே ராயல் பெலும் இருக்கிறது. 2007இல் மாநிலப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அதன் பரப்பு 117,500 ஹெக்டேர். மலேசியாவில் வாழும் பத்து வகை இருவாட்சிப் பறவைகளும் அந்த வட்டாரத்தில் உண்டு. தாய்ப்பறவை மரப்பொந்துக்குள் புகுந்து வாயிலைப் பூசி அடைத்துக்கொள்ள, ஆண்பறவை ஒரு சிறு துளை வழியாக இரையூட்டிக் குடும்பம் காக்கும் அதிசயத்தை எந்தப் பேரங்காடி காட்டும்? மலேசியக் காடுகளில் எஞ்சியுள்ள புலிகள் 150க்கும் குறைவு என்று அண்மைக் கணக்கெடுப்பு கூறியது. அவற்றின் கடைசிப் புகலிடங்களுள் ஒன்றும் இதுவே. ஈப்போவிலிருந்து காலையில் புறப்பட்டால் கோலகங்சார், லெங்கோங், கிரிக் வழியாக நண்பகலுக்குள் படகுத் துறையை அடைந்துவிடலாம்.

“சிறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு காட்டுக்கா?” என்று உடனே ஒரு குரல் எழும். அக்குரலை எள்ளி நகையாடுவது அறியாமை. அதற்குப் பின்னே ஒரு வரலாறு இருக்கிறது. 1942-43இல் ஜப்பானியர் ஆட்சியின்போது, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாம்-பர்மா ரயில்பாதை அமைக்கக் கொண்டுசெல்லப்பட்டனர். பசியாலும் காலராவாலும் மலேரியாவாலும் காட்டிலேயே மாண்டவர்கள் பல்லாயிரவர். பின்னர் 1948 முதல் 1960 வரை அவசரகாலம். காட்டோரம் வாழ்ந்த தோட்ட மக்களுக்குக் காடு என்றால் துப்பாக்கி, ஊரடங்கு, முள்வேலி. ஆயுதப் போராட்டம் முறைப்படி முடிவுற்றதே 1989இல்தான். ஆகவே, காடு வேண்டாம் என்று சொல்லும் பாட்டியின் வாயில் பேசுவது கோழைத்தனமன்று, பட்ட துன்பம்.

எனினும், துன்பத்தின் நினைவு வேறு, அச்சம் வேறு. பேரப்பிள்ளைகளுக்குக் கைமாற வேண்டியது நினைவே. இன்றோ நினைவு மறைந்து, அச்சம் மட்டும் கைமாறுகிறது. சயாம் ரயிலைப் பற்றி ஒரு சொல்லும் அறியாத சிறுவன், காட்டில் பேய் இருக்கிறது என்று மட்டும் அறிந்திருக்கிறான்! அந்தப் பாட்டியையும் உடன் அழைத்துச் சென்று, படகில் அமர்த்தி, கேட்டறிந்ததைச் சொல்லச் செய்தால், எந்தப் பாடநூலும் தராத வரலாற்றுப் பாடம் அங்கே நடந்தேறும்.

ஆபத்தே இல்லையா என்றால், உண்டு. மழைக்காட்டில் அட்டை உண்டு, கொசு உண்டு, திடீரெனப் பெருகும் ஓடையும் உண்டு. ஓடை நீரால் எலிக்காய்ச்சல் பற்றவும் கூடும். இவற்றுக்கெல்லாம் மருந்து முன்யோசனை. நீண்ட காலுறை, கொதித்து ஆறிய குடிநீர், குழந்தையின் அளவுக்கேற்ற மிதவைச் சட்டை, புறப்படுமுன் மருத்துவரிடம் ஒரு சொல், ஆண்டிறுதி அடைமழையைத் தவிர்த்த நாள் தேர்வு ஆகிய இவை போதும். நெடுஞ்சாலையில் ஒரே நாளில் நான்கு ஊர் சுற்ற அஞ்சாதவர்கள், வழிகாட்டியுடன் அரைமணி நேரம் காட்டுப்பாதையில் நடக்க அஞ்சுவது விந்தையே!

உண்மையான பகை காடன்று, அவசரம். சிறுவர்களுடன் செல்லும் பயணத்தைப் பெரியவர்களின் பேராசை கெடுக்கிறது. கொடுத்த காசுக்கு எத்தனை இடம் என்று எண்ணுகிறவர்கள், எந்த இடத்தில் குழந்தை தானாக நின்று பார்த்தது என்று எண்ணுவதில்லை. நான்கு வயதுக் குழந்தைக்கு ஒரு நாளில் ஒரு புதுமையே நிறைவு. எறும்பு வரிசையொன்றைக் கால்மணி நேரம் குனிந்து பார்க்கும் குழந்தையை, “வா, வா, நேரமாகிறது!” என்று இழுத்துச் செல்வது பயணமாகாது.

ஆகவே, மூன்று பகலும் இரண்டு இரவும் ஓரிடத்துக்கே ஒதுக்குக. பூங்காவுக்குள் நுழைய முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும்; அதனால் திட்டம் வாரக்கணக்கில் முன்னதாகவே தொடங்கட்டும். முதல் நாள் வழியில் ஒரே ஒரு நிறுத்தம் போதும். 1877இல் இந்நாட்டுக்கு வந்த முதல் ரப்பர்க் கன்றுகளின் காலத்து மரமாகப் போற்றப்படும் ஒன்று கோலகங்சாரில் நிற்கிறது. பாட்டன் பூட்டனைக் கடல் கடத்தியது இந்த மரந்தான் என்று பிள்ளைகளுக்குக் காட்டலாம். அல்லது லெங்கோங்கில் இறங்கலாம். ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட பேராக் மனிதனின் எலும்புக்கூடு அப்பள்ளத்தாக்கின் குகையொன்றில் 1991இல் கிடைத்தது. 2012இல் அப்பள்ளத்தாக்கு உலக மரபுச் சின்னமாயிற்று. இரண்டில் ஒன்றே போதும். மற்றது அடுத்த முறைக்கு.

இரண்டாம் நாள் காலையில் படகு, சிறு நடை, ஓடைக்கரையில் உணவு. பிற்பகல் முழுவதும் ஓய்வு. திட்டத்தில் அந்தப் பிற்பகல் வெற்றிடமாகவே இருக்கட்டும். பிள்ளைகள் கேள்வி கேட்பது அப்பொழுதுதான். ஜஹாய், தெமியார் ஆகிய பூர்வகுடி மக்களின் ஊர்ப்பக்கம் செல்ல நேர்ந்தால், விருந்தினராகச் செல்லக் கற்பிக்க வேண்டும். வேடிக்கை பார்க்க அன்று. மூன்றாம் நாள், ஏரியின்மேல் மூடுபனி விலகுவதைக் கண்டபின் மெல்லப் புறப்படலாம். பையில் புந்தோங் முறுக்கு இருந்தால் வழிப்பசிக்கு வேறென்ன வேண்டும்?

படகுக்கும் தங்குமிடத்துக்கும் ஆகும் செலவைத் தாங்க இயலாத குடும்பங்கள் பல. அவர்களுக்கு இது எட்டாக்கனி என்று கைவிட்டுவிடலாமா? புந்தோங்கின் மேற்கே கிளேடாங் மலை நிற்கிறது. அதுவும் காடுதான். ஒரு ஞாயிறு காலை, ஒரு தண்ணீர்ப்புட்டி, இரண்டு மணி நேரம். செலவு ஏறக்குறைய இல்லை. பெலுமுக்குச் செல்ல வசதியுள்ள குடும்பமும் முதலில் இங்கே பழகுவது நன்று. அன்றாடம் வீட்டு வாசலிலிருந்து காணும் மலையில் ஒருநாளும் கால் வைக்காதவர்கள், வசதியில்லை என்று கூறுவது பொருந்துமா?

இதில் தமிழாசிரியர்க்குப் பெரும் பங்குண்டு. விடுமுறை முடிந்ததும் “நான் சென்ற உல்லாசப் பயணம்” என்று கட்டுரை எழுதச் சொல்வதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. மெராந்தி, செங்கால், பெத்தாய் என்று மலாய்ப் பெயரால் அறியப்படும் மரங்கள் இங்கே எத்தனையோ! அவற்றைக் கண்ட சிறுமி, “இதற்குத் தமிழில் என்ன பெயர், ஆசிரியரே?” என்று கேட்பாள். ஆசிரியர் விடையின்றி நிற்கக்கூடும். நிற்கட்டும்! அகராதியைப் புரட்டட்டும், தோட்டத்து முதியவரைக் கேட்கட்டும், இல்லையேல் மலாய்ச் சொல்லையே தமிழில் அமைத்துக்கொள்ளட்டும். மொழி வளர்வது அந்தக் கேள்வியில். காட்டைக் காணாத வகுப்பில் அந்தக் கேள்வியே பிறப்பதில்லை.

காடழிந்த நிலத்தில் ரப்பர் வளர்த்துத் தலைமுறைகள் வாழ்ந்த சமுதாயம் இது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது அது நகரம் வந்து சேர்ந்தது. தோட்டமும் போய், காடும் கண்ணில் படாமற் போனால், அதன் பிள்ளைகளுக்கு மிஞ்சுவது கான்கிரீட் திணை ஒன்றே. கபிலரின் 99 மலர்களை ஒப்பிக்கும் மாணவனுக்கு, இம்மண்ணின் காட்டுப்பூ ஒன்றையாவது அவசரமின்றிக் காட்டிவிட்டு, அதன்பின் மதிப்பெண் போடுங்கள், ஆசிரியர்களே!